ஐயர் படத்தின் இடது கை

ஆடி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, வடக்கே அனுப்பியிருந்த ஏலக்காய் மூட்டைகள் பன்னிரண்டும் போடிநாயக்கனூருக்கே திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதமும் ஒரு வெள்ளைத் துணியும் வந்தன. துணியை நனைத்துக் காய்களை அதில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்; துணி முழுவதும் பச்சை. வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றி முதல் தரமென்று அனுப்பியிருக்கிறீர்கள், செய்த ஆள் யாரென்று கண்டுபிடித்து வெளியேற்றிய பிறகு எழுதுங்கள், அதுவரை உங்களோடு வியாபாரம் இல்லை என்று கடிதம் சொன்னது.

குடோனின் முதலாளி கிறிஸ்டோபர் அதை இரண்டு முறை படித்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தரையில் வட்டமாக அமர்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த பதினான்கு பெண்களையும், தராசடியில் நின்ற மொக்கைச்சாமியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாரும் ஐயர் முன்னாடி நிக்கணும்" என்றார்.

பொறுக்கிய கைகள் அப்படியே நின்றன. 

ஐயர் என்பது தராசுக்கு மேலே மாட்டியிருந்த ஒரு படம். இப்பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் போதகரை ஐயர் என்றே அழைக்கும். கிறிஸ்டோபரின் தாத்தா காலத்தில், இங்கே ஊழியம் முடித்துத் தன் தேசத்துக்குத் திரும்பிய வெள்ளைக்கார ஐயர் ஒருவர் அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தில் இருப்பவரும் அவரேதான் என்று அன்று முதல் எல்லாரும் நம்பி வந்தார்கள்.

ஒரு முழத்துக்குக் குறைவான உயரம். தேநீர் நிறமாகிவிட்ட தாளில் கறுப்பு மையால் ஆன மெல்லிய கோடுகள். முட்டை வடிவச் சட்டம் ஒன்று படத்துக்குள்ளேயே வரையப்பட்டிருந்தது; அதன் கீழே அயல்மொழி எழுத்தில் சில வரிகள். அதற்குள்ளிருந்து, ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்ப்பவரைப் போல, முதிய போதகர் முன்னே சாய்ந்திருந்தார். தலையோடு ஒட்டிய தொப்பி, மடிப்பு மடிப்பான வெள்ளைக் கழுத்துப்பட்டி, பாதி திறந்த வாய். வலது கையில், விரலை இடையில் நுழைத்து மூடிய சிறு வேதப்புத்தகம். இடது கை அந்தச் சட்டத்தைக் கடந்து வெளியே நீண்டிருந்தது. வரைந்தவர் அதோடு விடவில்லை. அந்தக் கையின் நிழலையும் சட்டத்துக்கு வெளியே வெறும் தாளின்மேல் விழ வைத்திருந்தார். நிழல் விழுவதைப் பார்த்ததும், கை உண்மையாகவே வெளியே வந்துவிட்டது என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும்.

ஆசீர்வதிப்பவர் வலது கையை நீட்டுவார். இடது கையை நீட்டுகிறவர் வேறு எதற்கோ நீட்டுகிறார். குடோனில் புதிதாகச் சேர்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதாக இருந்ததில்லை.

ஏதேனும் தவறு நடந்தால் எல்லாரும் அந்தக் கைக்குக் கீழே ஒவ்வொருவராக நின்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். "நான் செய்யவில்லை. செய்தவர் யாரென்றும் எனக்குத் தெரியாது." இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. தடுமாறியவர் அன்றே வெளியேறுவார். ஐயர் முன் தடுமாறியவரைப் போடியில் வேறு எந்தக் குடோனும் சேர்த்துக்கொள்ளாது. பொய் சொன்னவருக்கு என்ன நேரும் என்பதற்குக் காமராஜ் இருந்தார். மொக்கைச்சாமிக்கு முன் தராசில் நின்றவர் அவர். ஒரு மூட்டை காணாமற்போன ஆண்டில் ஐயர் முன் நின்று சொன்னார். மறு ஆடிக்குள் அவருடைய இடது கையும் இடது காலும் விழுந்தன. அதன்பின் பதினோரு ஆண்டுகள், விழுந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கடைவீதி முனையில் அமர்ந்திருந்தார். அவருடைய தராசை ஏற்றுக்கொண்ட மொக்கைச்சாமிதான் தினமும் காலையில் அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்து வந்தார். கொடுக்கும்போதெல்லாம் அந்த மடியைப் பார்க்காமல் இருக்க முயல்வார், முடிந்ததில்லை.

இப்போது மொக்கைச்சாமிக்கு அறுபத்து மூன்று வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதை அவரால் தயங்காமல் சொல்ல முடியும். இரண்டாவதைச் சொல்ல முடியாது. செய்தவர் யாரென்று அவருக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம். சாப்பிடப் போனவர், கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதால் பாதி வழியில் திரும்பி வந்தார். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நீல நிற ட்ரம் ஒன்றில் முதலாளி காய்களைக் கையாலேயே புரட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை பச்சை.

"பூஞ்சைக்கு மருந்துண்ணே" என்றார் கிறிஸ்டோபர், திரும்பிப் பார்த்து.

"சரிங்க மொதலாளி" என்றார் மொக்கைச்சாமி. அன்று அதை நம்பவும் செய்தார்.

வியாழக்கிழமை முதலாளி உள்ளே போன பிறகு பெண்கள் மெல்லப் பேசத் தொடங்கினார்கள்.

"எனக்கென்ன பயம்?" என்றாள் தேவயானி. அந்த வட்டத்தில் அதிகம் பேசுகிறவள் அவள்தான். "வீட்டுக்காரருகிட்ட நான் சொல்ற பொய்யையெல்லாம் ஐயர் கேட்டிருந்தா, நான் எப்பவோ படுத்த படுக்கையாயிருக்கணும்."

"அவரு சொல்ற பொய்யும் சேத்தா ரெண்டு பேருக்கும் ஒரே கட்டிலு" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். வட்டத்தின் கடைசியில் இருந்த முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. குடோனில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண்.

"ஏ முத்துப்பேச்சி, என்ன ஆத்தா, ஒம் மூஞ்சியும் வெளுத்த காயி மாதிரி இருக்கு? சாயம் ஏத்தணுமா?" என்றாள் தேவயானி.

"தலைவலிக்கா" என்றாள் முத்துப்பேச்சி. குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை கிறிஸ்டோபரின் மகள் ஜெஸ்லின் குடோனுக்கு வந்தாள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்குக் கடிதம் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். சிறு வயதில் இதே தராசில் ஏறி நின்று எடை பார்க்கச் சொல்லி மொக்கைச்சாமியைத் தொந்தரவு செய்தவள்.

அவர் அன்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு நிக்கிறதை நெனச்சுப் பயமா இருக்கா?"

"பயம் இல்லாதவன் யாரு பாப்பா."

"பயப்பட அதுல ஒண்ணுமே இல்ல. மொதல்ல, அது நம்ம ஊரு ஐயரே இல்ல. முந்நூறு, முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஹாலந்துல இருந்த ஒரு போதகர். அவரு ஊழியம் பண்ண சபை அங்க. படத்தைப் போட்டவரு அந்தக் காலத்துப் பெரிய ஓவியர் ஒருத்தர். எங்க சாருக்கு ஃபோட்டோ அனுப்பிக் கேட்டேன்."

மொக்கைச்சாமி படத்தைப் பார்த்தார். "யாரா இருந்தா என்ன பாப்பா. கை இடது கைதானே."

"அதைத்தான் சொல்ல வந்தேன்." மேசையிலிருந்த குடோனின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதுல எழுத்து எப்படி இருக்கு?"

"திருப்பிப் போட்டாப்புல இருக்கு. இடம் வலம் மாறி."

"தாள்ல குத்தினா?"

"நேரா வரும்."

"அந்தப் படமும் அப்படித்தான் மாமா. தாள்ல வரைஞ்சது இல்ல. செப்புத் தகட்டுல மெழுகைப் பூசி, ஊசியால கீறி, அமிலத்துல முக்கி எடுப்பாக. கீறின எடத்தை அமிலம் அரிச்சிரும். அந்தப் பள்ளத்துல மையை ஏத்தித் தாளை வச்சு அழுத்துவாக. தகட்டுல வலது கையா இருந்தது தாள்ல இடது கையா விழும். அவரு வரைஞ்சது வலது கை. அந்த மனுசன் சபையைப் பாத்துப் பேசிக்கிட்டு, வலது கையை நீட்டி ஆசீர்வாதம் பண்றாரு. அவ்வளவுதான்."

மொக்கைச்சாமி ஸ்டாம்பின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் எதையும் எடை போட்டே வாங்குகிறவர்.

"அப்ப கீழ இருக்க எழுத்து? அது நேராத்தானே இருக்கு?"

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. "எழுத்தை மட்டும் தகட்டுல இடம் வலம் மாத்திக் கீறியிருக்காரு. இல்லைன்னா படிக்க முடியாதே. கையை மாத்தணும்னு அவருக்குத் தோணலை. அங்கன இடது கைன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

"காமராஜண்ணன்?"

"அவருக்கு இருந்தது பிரஷர் மாமா. உங்களுக்கும் இருக்கு. அதனாலதான் சொல்றேன், மாத்திரையை விட்டுறாதீங்க, படத்தைப் பாத்துப் பயப்படாதீங்க."

அவள் போன பிறகு மொக்கைச்சாமி ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தின் கீழே போய் நின்றார். நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் கையை விரல் விரலாகப் பார்த்தார். வயதான மனிதரின் கை. நரம்பு புடைத்திருந்தது. அழைப்பது போலவும் இருந்தது. அன்று மதியம் அவர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மேற்கு மலைக் காட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. அங்கே ஒரு சுனை. சுனைக் கரையில் பொந்து விழுந்த பெரிய மரம். காற்று வந்தால் அந்தப் பொந்து உறுமும். உறுமலுக்குப் பயந்து விலங்குகள் எல்லாம் முறை வைத்து, தலையைத் தாழ்த்தி, ஒன்றையொன்று தொடாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். புலியும் அப்படித்தான் குடித்தது. ஒருநாள் ஒரு குரங்கு மரத்தில் ஏறிப் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தது. உள்ளே ஒன்றுமில்லை. குரங்குக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. பாவம், எல்லா விலங்கும் இத்தனை காலம் வீணாகப் பயந்துகொண்டிருந்தனவே என்ற இரக்கம். உடனே சொல்லிவிட வேண்டுமென்று இறங்கி ஓடியது. அப்போது சுனையில் குடித்துக்கொண்டிருந்தது புலி. ஆகவே குரங்கு முதலில் புலியிடம் சொன்னது.

ஜெஸ்லினும் அந்தச் செய்தியை முதலில் மொக்கைச்சாமியிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலை, வீட்டில் காபி குடிக்கும்போது, தந்தையிடம் சொன்னாள். சனிக்கிழமை அந்தப் பெண்களை அப்படி நிற்க வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் சொன்னாள். கிறிஸ்டோபர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உறுதியாத் தெரியுமாம்மா? வலது கைதானா?"

"உறுதியாப்பா. எங்க சாரும் அதைத்தான் சொன்னாக."

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்லப்பா."

அவர் கீழே வைத்த காபியை எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு, "நிக்கிறது நிக்கட்டும். பழைய வழக்கம், ஒரே நாள்ல நிறுத்தினா வேற மாதிரிப் பேசுவாக. ஆனா மொக்கைச்சாமியண்ணன்கிட்ட மட்டும் போய்ச் சொல்லிரு. பிரஷர் இருக்க மனுசன், பயந்துறக் கூடாது" என்றார்.

அப்பாவுக்குத்தான் எத்தனை நல்ல மனது என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை முதலே காற்று கடுமையாக இருந்தது. போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கி மலையைக் காணவில்லை. தகரக் கூரை அவ்வப்போது தடதடத்தது. பதினோரு மணிக்குக் கிறிஸ்டோபர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஜெஸ்லின் அலுவலக அறை வாசலில் நின்றாள்.

மூத்தவர் முதலில் நிற்பது வழக்கம். மொக்கைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசுக்கு முன்னே போனார். கை தலைக்கு மேலே இருந்தது. அதன் நிழலும் இருந்தது.

"நான் செய்யலை" என்றார். அடுத்த மூச்சில், "செஞ்சவக யாருன்னும் எனக்குத் தெரியாது" என்றார்.

எளிதாக வந்துவிட்டது. அவரே வியந்துபோனார். இடது கை விரல்களை மெல்ல மடக்கி விரித்துப் பார்த்தார், மடங்கின, விரிந்தன. கிறிஸ்டோபர் தலையை அசைத்தார். மொக்கைச்சாமி தராசின் மறுபக்கம் போய் நின்றார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதைப் போல இருந்தது. மாத்திரை, வேலை, தராசு எல்லாம் இனி முன்போலவே இருக்கும்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தேவயானி அன்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. சொல்லிவிட்டு நகர்ந்தபோது அவள் உதடு உலர்ந்திருந்தது. பதின்மூன்று பேர் முடிந்தார்கள். கடைசியாக முத்துப்பேச்சி வந்தாள்.

"நான் செய்யலை" என்றாள்.

அதோடு நின்றுவிட்டாள்.

கூரை தடதடத்து அடங்கியது. 

"சொல்லும்மா. அடுத்தது இருக்குல்ல" என்றார் கிறிஸ்டோபர்.

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மேலே பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முந்தானை நுனியைப் பிடித்திருந்த இடது கையை வலது கையால் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஏ ஆத்தா, சொல்லிரேன்" என்று தேவயானி சன்னமாகக் கெஞ்சினாள். "ரெண்டே வார்த்தைதானே."

"சொல்ல முடியலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்" என்றார் கிறிஸ்டோபர். குரலில் கோபமே இல்லை, வருத்தம்கூட இருந்தது.

மொக்கைச்சாமிக்கு அந்த மௌனம் தெரிந்த மௌனமாக இருந்தது. நேற்றுக் காலை வரை அது அவருடையதாக இருந்தது. முதல் வாக்கியம் வருகிறது; இரண்டாவது வரவில்லை. அப்படியானால் இவளுக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று யோசித்தபோது, மூன்று வாரத்துக்கு முன் ஒரு பொழுது, முற்றத்துக் குழாயடியில் இவள் நீல ட்ரம்மைக் கழுவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சாக்கடை பச்சையாக ஓடியதைப் பார்த்திருப்பாள். கழுவச் சொன்னவர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை இங்கே சொன்னால் நம்புவார் இல்லை. தெரியாது என்று சொன்னால் கை விழும். குடோனில் இருக்கிற பதினைந்து பேரில் பொய் சொல்ல மறுத்து நிற்பவள் அவள் ஒருத்தி; எல்லாரும் அவளைத்தான் கள்ளி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வழி இருப்பதாக மொக்கைச்சாமிக்குத் தோன்றியது. கிறிஸ்டோபர் முதலாளி ஆகி இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தப் படத்தின் கீழ் நின்றதில்லை. எடையைப் பார்க்க வரும்போதுகூடப் படத்துக்கு முதுகைக் காட்டியே நிற்பார். பயம் அந்த மனிதருக்கும் உண்டு.

"மொதலாளி" என்றார். "உங்க தாத்தா காலத்துல, எல்லாரும் நின்ன பொறகு கடைசியா மொதலாளியும் நிப்பாகளாம். காமராஜண்ணன் சொல்லியிருக்காக. நீங்களும் ஒருக்கா நின்னுட்டா, யாருக்கும் ஒரு பேச்சு இருக்காது."

பெண்கள் திகைத்து அவரைப் பார்த்தார்கள். இப்போது கிறிஸ்டோபர் தடுமாறுவார் என்று மொக்கைச்சாமி எதிர்பார்த்தார். கோபப்பட்டாலும் போதும், கோபமும் ஒரு தடுமாற்றம்தான்.

கிறிஸ்டோபர் செருப்பைக் கழற்றினார். முத்துப்பேச்சியை மென்மையாக விலகச் சொல்லிவிட்டு, கைக்கு நேர் கீழே வந்து நின்றார். தலையை நிமிர்த்திப் போதகரின் முகத்தைப் பார்த்தார்.

"நான் செய்யவில்லை. செய்தவர் யாரென்றும் எனக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவரைப் போல, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மொக்கைச்சாமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரகசியம் ஒன்றை இருவருமாகப் பங்கிட்டுக்கொண்டவர்களின் நெருக்கம் இருந்தது.

மொக்கைச்சாமி வாசலில் நின்ற ஜெஸ்லினைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், யார் யாருக்கு எப்போது சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது.

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். முதலாளியே நின்றுவிட்டார். இனி ஐயம் என்ன இருக்கிறது? பதின்மூன்று முகங்களும் ஒன்றாக முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பின. அவளுக்கு அருகில் நின்றிருந்தவள் அரை அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"பேச்சி, உன் பையை எடுத்துக்கம்மா" என்றார் கிறிஸ்டோபர்.

"அந்தப் பிள்ளையை விட்டுருங்க" என்றார் மொக்கைச்சாமி.

அவர் மறுபடி கைக்குக் கீழே வந்து நின்றிருந்தார். கூப்பிடாமல் வந்து நின்றிருந்தார்.

"நான்தான் சாயம் கலந்தேன். கொஞ்ச முன்ன சொன்னது பொய். ட்ரம்மைக் கழுவச் சொன்னதும் நான்தான். கழுவினதை வச்சு இவளுக்கு என்மேல சந்தேகம். காட்டிக் கொடுக்க மனசில்லாம நிக்கிறா. இவமேல ஒரு குத்தமும் இல்ல."

"அண்ணே" என்றாள் முத்துப்பேச்சி. "இல்லண்ணே—"

"நீ பேசாத ஆத்தா."

குடோனுக்குள் இருந்த காற்றே மாறிவிட்டது போலிருந்தது. பெண்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய இடது கையைப் பார்த்தார்கள். ஐயர் முன் பொய் சொன்ன கை. தேவயானி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். நாற்பது ஆண்டுத் தராசுக்காரர் அவர், அவளுக்கு வேலை பழக்கியவர்.

கிறிஸ்டோபர் சற்று நேரம் அவரையே பார்த்தார். இது அவரும் எதிர்பாராத ஒன்று. ஆனால் கடிதத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ஆறு மாதக் கூலிப் பெண்ணின் பெயரைவிடத் தராசுக்காரரின் பெயரை வடக்கே எளிதாக நம்புவார்கள். அதை அவர் கணக்கிட்டு முடித்த கணம் மொக்கைச்சாமிக்கு நன்றாகத் தெரிந்தது. முகத்தில் ஒரு கோடு தளர்ந்தது.

"நாப்பது வருஷம் அண்ணே" என்றார் கிறிஸ்டோபர், தலையை ஆட்டிக்கொண்டே. "போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். நீங்க போகலாம்."

மொக்கைச்சாமி கண்ணாடிக் கூட்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டார். வாசலை நோக்கி நடந்தபோது, வரிசை விலகி வழி விட்டது. அவருடைய வலப்புறம் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். இடப்புறம் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

வெளிக் கதவுவரை முத்துப்பேச்சி ஓடி வந்தாள். கடைவீதியில் புழுதி சுழன்றது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற பேருந்துகள் ஆடிச் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக? செய்யாததைச் செஞ்சேன்னு ஐயர் முன்னாடியே சொல்லிட்டீகளே. கை—" அவளால் முடிக்க முடியவில்லை.

அந்தக் கை ஒன்றும் செய்யாது, அது வலது கை, யாரையும் அது தொடாது என்று சொல்ல மொக்கைச்சாமி வாயெடுத்தார். சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் குடோனுக்குள் இன்னும் பொய் சொல்லத் தெரியாமல் இருப்பவள் அவள் ஒருத்திதான் என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அங்கே மீதி என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள போ ஆத்தா. பாத்து இருந்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் தெருவைக் கடப்பதை எதிர்க்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது. காற்றில் வேட்டி விலகியபோது அவர் இடது கையால் அதைப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இன்றில்லை என்றால் நாளை, இந்த ஆடியில் இல்லை என்றால் அடுத்த ஆடியில். அவர்கள் காத்திருப்பார்கள்.

குடோனில் மின்விசிறியை மறுபடி போட்டார்கள். பெண்கள் வட்டமாக அமர்ந்து பொறுக்கத் தொடங்கினார்கள். ஜெஸ்லின் அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். தந்தை மேசையில் தாளை விரித்துப் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"அவரு செய்யலைப்பா."

"தெரியும்மா."

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகங்களின் ஓரத்தில், எத்தனை கழுவியும் போகாத மெல்லிய பச்சை இருந்தது. மூன்று வாரமாக இதே மேசையில், இதே வீட்டில், இந்த விரல்கள் எதிரில் அமர்ந்து அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

"அப்புறம் எப்படிப்பா அங்கன போய் நின்னீக?" என்றாள். "அவரு முன்னாடி, வேதப்புத்தகத்து முன்னாடி, எப்படிப்பா சொல்ல முடிஞ்சது?"

கிறிஸ்டோபர் பேனாவைக் கீழே வைத்தார். மகளை அன்போடு பார்த்தார். அந்த அன்பில் பொய் எதுவும் இல்லை.

"இருபது வருஷம் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ராத்திரி தூக்கத்துலகூட அந்தக் கை வரும். நீதானம்மா சொன்ன, அது ஆசீர்வாதம் பண்ற கைன்னு."

அவர் மறுபடி கடிதத்தின்மேல் குனிந்தார். மொக்கைச்சாமி என்ற பெயரை, வடக்கே இருப்பவர்கள் படிக்கத் தவறிவிடக் கூடாதே என்று, ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் ஒவ்வொன்றாக எழுதினார்.